சிபில் ஸ்கோர் குறைஞ்சா கார் இன்சூரன்ஸ் கூடுமா? விவரம் இதோ

நகைக்கடன், டிராக்டர் கடன் தவணை தவறினால் சிபில் ஸ்கோர் இறங்கும். அதோடு கார் இன்சூரன்ஸும் எகிறிடுமா? நத்தம் பக்கம் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரலாம்.

அமெரிக்காவில் எப்படி?

பல மாகாணங்களில் கடன் வரலாறு மோசமானால் பிரீமியம் கூடும். கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மாகாணங்களில் இதற்கு அனுமதி இல்லை.

இங்கே எப்படி?

சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான ஆண்டுக் கட்டணம்:

* 1000 சிசி வரை: ரூ.2,094
* 1000 முதல் 1500 சிசி வரை: ரூ.3,416
* 1500 சிசிக்கு மேல்: ரூ.7,897

ஜிஎஸ்டி தனி. ஸ்கோர் 300 ஆனாலும் 900 ஆனாலும் இதே தொகைதான்.

சொந்தக் காரின் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பிரீமியத்தை நிறுவனங்களே முடிவு செய்யும். வழக்கமாகப் பார்ப்பது காரின் இப்போதைய மதிப்பு (ஐடிவி), வயசு, என்ஜின் திறன், பதிவான ஊர். சென்னையை விட திண்டுக்கல் பதிவு வண்டிக்குப் பொதுவாகக் கொஞ்சம் குறையும்.

எதில் கவனம் தேவை?

ஒரு வருஷம் க்ளெய்ம் இல்லைன்னா ஓன் டேமேஜில் 20%, ஐந்து வருஷம் இல்லைன்னா 50% தள்ளுபடி (நோ க்ளெய்ம் போனஸ்) கிடைக்கும். பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்தத் தள்ளுபடி போச்சு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி முதல்முறை சிக்கினால் ரூ.2,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

சிபில் ஸ்கோர் இடிக்கும் இடம் கார் லோன். ஸ்கோர் குறைந்தால் வட்டி கூடலாம், லோனே கிடைக்காமலும் போகலாம். அதற்காக இன்சூரன்ஸைப் புதுப்பிக்கத் தயங்க வேண்டாம்.