இரு வேட்டைத் துப்பாக்கிகள்: தேர்வின் வரலாறு

தோற்றுவாய்

ஒரு தொழிற்கென அமைந்த இரு கருவிகளுள் ஒன்றனை ஒரு காலத்தார் விரும்பி ஏற்றலும், மற்றொன்றனைப் பிறிதொரு காலத்தார் போற்றலும் வரலாற்றில் காணப்படுவன. அவ்விருப்ப மாற்றத்திற்குக் காரணம் கருவியின் அமைப்போ, விலையோ, பயன்கொள்வார் மனநிலையோ என்பது ஆராய்தற்குரியது. அமெரிக்க ஐக்கிய நாட்டு வேட்டைக்காரர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்கொண்ட ஒரு வினா இதற்குத் தக்க சான்றாகும். வின்செஸ்டர் 70, ரெமிங்டன் 700 என்னும் இரண்டனுள் எதனைக் கொள்வது என்பதே அவ்வினா.

சொற்பொருள் பற்றி ஈண்டு ஒரு விளக்கம் வேண்டற்பாலது. குழலின் உட்புறத்தே சுரி வெட்டப்பெற்றது 'ரைபிள்' எனப்படும். அதன் பின்வாயை மூடும் எஃகுத் தண்டு, கதவின் தாழ்ப்பாள் போல முன்னே தள்ளித் திருப்பிப் பூட்டப்படுவதாயின் அதனைத் 'தாழ்முறைத் துப்பாக்கி' எனலாம். அத்தண்டினை இக்கட்டுரை 'தாழ்' என்றே வழங்கும்.

பொது மூலம்

இவ்விரண்டற்கும் முன்னோடி, செருமானியரான பவுல் மௌசர் என்பார் அமைத்த துப்பாக்கியாகும். 1898இல் செருமானியப் படை ஏற்றுக்கொண்ட அவ்வமைப்பில், தாழின் முன்புறத்தே இரு பூட்டுப்பற்கள் உள. தாழின் பக்கத்தே நீண்டதொரு எஃகுக் கொக்கி பொருத்தப்பட்டுள்ளது. தோட்டா அறையினின்று தோட்டா மேலெழுந்த அளவிலேயே அதன் அடிவிளிம்பு இக்கொக்கியுள் புகுந்துவிடும். அப்பொழுது தொட்டு, வெற்றுக்கூடு வெளியே எறியப்படும்வரை அது தாழின் பிடியிலேயே இருக்கும். இதனைப் 'பற்றி ஊட்டல்' எனக் குறிக்கலாம்.

வின்செஸ்டர் நிறுவனத்தார் 1925இல் 54 என்னும் எண்ணுடைய துப்பாக்கியை வெளியிட்டனர். அதனைத் திருத்தி 1936இல் 70ஆம் எண் துப்பாக்கியைச் செய்யத் தொடங்கினர். மௌசரின் கொக்கி இதன்கண் பேணப்பட்டது. மூன்று நிலையுடைய காப்பும் அமைந்தது. அதன் இடைநிலையில் விசை இயங்காது. ஆயினும் தாழைத் திறந்து தோட்டாவை அச்சமின்றி வெளியேற்றலாம். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவரும் வேட்டை எழுத்தாளருமான ஜாக் ஓகானர் இதனைத் தம் கட்டுரைகளில் பெரிதும் போற்றினார். அன்னார் எழுத்தால் இதன் புகழ் பரவிற்று.

இருவேறு ஊட்டுமுறை

ரெமிங்டன் நிறுவனத்தார் 1948இல் 721, 722 என்னும் துப்பாக்கிகளை வெளியிட்டனர். அவற்றின் வழிவந்ததே 1962இல் தோன்றிய 700. மைக் வாக்கர் முதலாய பொறியாளர் கருதியது யாதெனின், திண்மையும் குறி பிழையாமையும் குறைந்த செலவில் எய்தல் என்பதே. ஆதலின் தாழை ஏந்தும் எஃகுக் கூட்டினை உருண்டைக் குழாய் வடிவிற் கடைந்தனர். தாழின் முகத்தைக் குழிவாக்கித் தோட்டாவின் அடி முழுதும் அதனுள் அடங்கச் செய்தனர். தாழின் விளிம்பு, குழல், வெளிக்கூடு என மூன்று எஃகு வளையங்கள் தோட்டாவின் அடியைச் சூழ்ந்தன. கூடு வெடித்துச் சிதறின், தீவளி சுடுவான் முகத்திற் பாயாமற் காத்தற்கு இவ்வமைப்புத் துணையாயிற்று. மௌசர் முறையிலோ, கொக்கிக்கு இடம்விட வேண்டியிருத்தலின் இத்தகைய முழு வளையம் இயலாது.

ஆயின் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. ரெமிங்டன் முறையில் தோட்டாவைத் தாழ் முன்னே தள்ளும், பற்றிக்கொள்ளாது. தாழ் முழுதும் மூடிய பின்னரே சிறு கொக்கி விளிம்பைக் கவ்வும். இது 'தள்ளி ஊட்டல்' ஆகும். பதற்றத்தில் ஒருவன் தாழை முழுதும் மூடாது பின்னிழுத்து மீளத் தள்ளின், முதற் தோட்டா குழலிலேயே கிடக்க, இரண்டாவது அதன் பின்னே முட்டி நிற்கும். மானை நோக்கியவனுக்கு இது சிறு இடையூறு. சினந்து பாயும் கரடியின் முன் நிற்பானுக்கோ உயிர்க்கேடு.

1964ஆம் ஆண்டு மாற்றம்

வின்செஸ்டர் 70இன் உறுப்புகள் பெரிதும் கடைந்து செய்யப்பட்டமையின் கைவேலையும் கூலியும் மிக்கன. விலைப்போட்டியில் நிற்கலாற்றாது 1964இல் அந்நிறுவனத்தார் துப்பாக்கியை மாற்றியமைத்தனர். நீண்ட கொக்கி நீங்கிற்று. தள்ளி ஊட்டல் வந்தது. கட்டையின்மேற் கையாற் செதுக்கிய கட்டக்கோலம் போய், அச்சாற் பதித்த கோலம் புகுந்தது. குழலுக்கும் கட்டைக்கும் இடையே புலனாகும் இடைவெளி விடப்பட்டது. வேட்டைக்காரர் வெறுத்தனர், ஓகானரும் உவக்கவில்லை. 1966இல் அமெரிக்கக் கடற்படைவீரர் படை, வியத்நாம் போரில் தொலைவிலுள்ள இலக்கைச் சுடுதற்குரிய துப்பாக்கியாக ரெமிங்டன் 700இனைத் தேர்ந்தது. 1988இல் தரைப்படையும் அதன் அமைப்பையே ஏற்றது.

இவ்விடத்தே கருதத்தக்கதொன்று உளது. 1964இன் வீழ்ச்சிக்குக் கொக்கி நீங்கியதே காரணம் என்பாருளர். அஃது உண்மையாயின், அதே ஊட்டுமுறையுடைய ரெமிங்டன் புகழ் பெற்றது எங்ஙனம்? ஒன்றிற்குக் குறையானது மற்றொன்றிற்குக் குறையாகாமை யாது பற்றி? ரெமிங்டன் தான் அளிக்காத ஒன்றை அளிப்பதாகக் கூறவில்லை. வின்செஸ்டரோ பழம்பெயரை நிறுத்திப் பொருளை மாற்றிற்று. மொழிநூலார் சொல் நிற்கப் பொருள் திரிதலைக் காண்பர். ஈண்டும் '70' என்னும் பெயர் நின்றது. அப்பெயர் குறித்த பொருள் திரிந்தது. இத்திரிபினை மக்கள் ஏலாமைக்குச் சான்று அவர்தம் வழக்கே. '1964க்கு முற்பட்ட 70' என ஓர் அடைமொழி புனைந்து பழையதனைப் புதியதினின்று பிரித்தனர். அவ்வழக்கு இன்றும் நிலவுகின்றது. பழையன மிகுவிலைக்கு விற்கப்படுகின்றன.

1992இல் வின்செஸ்டர் பழைய கொக்கியை மீளக் கொணர்ந்தது. எனினும் 2006இல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டது. துப்பாக்கி பின்னர் வேறிடங்களில் செய்யப்படலாயிற்று. ரெமிங்டனும் இடர்ப்பாட்டிற்குத் தப்பவில்லை. அதன் விசையமைப்புப் பற்றி வழக்குகள் எழுந்தன. 2014இல் ஒருவகை விசையுடையவற்றை நிறுவனமே திரும்பப் பெற்றது. 2018, 2020ஆம் ஆண்டுகளில் நிறுவனம் நொடிப்புற்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு முடிபுகள் பெறப்படும். ஒன்று, எது சிறந்தது என்னும் பொதுவினாவிற்கு விடையில்லை. கொடுவிலங்கை அணுகி எதிர்ப்பானுக்குப் பற்றி ஊட்டலும், தொலைவிலுள்ள இலக்கைக் குறைந்த பொருட்செலவில் எய்வானுக்குத் தள்ளி ஊட்டலும் பொருந்துவன. மற்றொன்று, கருவியின் பெயரும் ஒரு வாக்குறுதி என்பது. அமைப்பின் குறையை மக்கள் பொறுப்பர். வாக்குறுதியின் திரிபைப் பொறார். நம் கைத்தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர், கருவிகளின் அமைப்போடு அவற்றின் பெயர் வழக்குகளையும் சேர்த்து ஆராய்வாராயின், ஏடுகளிற் காணப்படாத பல உண்மைகள் வெளிப்படும்.