பஸ்ஸில் அதிரும் அந்த 'பேஸ்' யாருடையது?

சென்ற தவணை முடிவதற்கு முன் தரம் 10 பிள்ளைகளோடு சீகிரியாவுக்கு ஏறினோம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு சுற்றுலாவா என்று யாரும் சிரிக்க வேண்டாம். மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தும் ஒரு தடவைகூட உச்சிக்கு ஏறாத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல்.

கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று வழக்கமான பாடத்தைச் சொன்னோம். காசியப்பன் ஆண்டது கி.பி. 477 முதல் 495 வரை. அவனுக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் மலை பார்க்க வந்தவர்கள் இந்தச் சுவரில் கவிதைகளைக் கீறி வைத்தார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். எழுதியவர்களில் பலர் தங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பெண்களும் எழுதியிருக்கிறார்கள்.

அப்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அப்ப மேல அந்தப் படங்களக் கீறினவங்கட பேர்?"

இல்லை. பார்த்துவிட்டுப் போனவனின் பெயர் ஆயிரம் வருடம் தாண்டியும் சுவரில் இருக்கிறது. கீறியவனின் பெயர் எங்கும் இல்லை. 1889இல் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த முர்ரே என்ற ஆங்கிலேயர் அந்த ஓவியக் குகைக்கு ஏறிப் பிரதி எடுத்தார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவர் ஏறுவதற்காகப் பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பி பதித்தவர்கள் தமிழ்க் கல் வேலைக்காரர்கள். அவர்களை 'தொழிலாளர்கள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். 1967இல் யாரோ பச்சைப் பெயின்ட் பூசி ஓவியங்களை நாசமாக்கியபோது திருத்த வந்த இத்தாலியர் லூசியானோ மரான்சி. அவர் பெயர் பதிவில் உள்ளது, நல்லது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இறங்கினோம்.

திரும்பும் பஸ்ஸில்தான் விஷயம் வேறு பக்கம் போனது. தம்புள்ளைப் பாதையில் ஓடும் பஸ்களை உங்களுக்குத் தெரியும். ஆசனத்துக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் பெரிய ஸ்பீக்கர். பாட்டின் சொல் விளங்காவிட்டாலும் 'தும் தும்' என்று நெஞ்சுக்குள் இறங்கும். பெடியன்கள் "பேஸ் நல்லா இரிக்கி" என்றார்கள். பாடியவர் பெயரைக் கேட்டோம், எல்லோரும் சொன்னார்கள். இசையமைத்தவர் பெயரைக் கேட்டோம், அதற்கும் பதில் வந்தது. "அந்த பேஸ வாசிச்சது யாரு?" என்று கேட்டதும் பஸ் அமைதியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் தெரியாது.

இசை கூடுமா கூடாதா என்ற கருத்து வேறுபாடு நம்மிடையே உண்டு. அந்த விவாதத்துக்கு இந்தப் பதிவில் வரவில்லை. உழைத்தவன் பெயர் என்ன ஆகிறது என்ற வரலாற்றுக் கேள்வி மட்டும்தான் இது.

முதலில் அந்த வாத்தியம். பேஸ் கிட்டாருக்குச் சாதாரணமாக நாலு தந்தி. மிகக் கீழே இருக்கும் தந்தி வினாடிக்கு சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. கையில் இருக்கும் ஃபோனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது. ஆகவே ஃபோனின் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறவருக்கு அந்த வாசிப்பின் அடி அதிர்வு சரியாகக் காதில் விழுவதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு, வளை இல்லாத கூரை மாதிரி. தாளத்தையும் ராகத்தையும் சேர்த்துக் கட்டுவது அதுதான். கேட்கிறவன் உணர்வான், கவனிக்கமாட்டான். பெயர் விடுபட இதைவிட வசதியான வாத்தியம் கிடையாது.

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் மோடவுன் என்று ஒரு இசைத்தட்டுக் கம்பனி. 1960களில் உலகம் முழுவதும் ஓடிய பாட்டுகள் அங்கே ஒரு சாதாரண வீட்டில் அமைந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை. அவற்றில் எண்ணற்றவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன், ஒரு கறுப்பினக் கலைஞர். வலது கையின் ஒரே ஒரு விரலால் வாசிப்பார். தந்தியை மாற்றவே மாட்டார். தட்டுகளின் உறையில் பாடகர்களின் படம் இருக்கும், இவர் பெயர் இராது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' வந்தபோதுதான் அந்தக் கம்பனி வாசித்தவர்களின் பெயர்களை முதன்முதலாக ஒழுங்காக அச்சிட்டது. பத்து வருடத்துக்கு மேல் வாசித்த பிறகு. அடுத்த வருடமே கம்பனி லொஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் மாறியது.

1983இல் அந்தக் கம்பனியின் 25 வருட நிறைவைத் தொலைக்காட்சிக்காகப் பெரிய விழாவாக எடுத்தார்கள். ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அந்த வருடம் ஓகஸ்டில் மௌத்தாகிவிட்டார். வயது 47. அதற்குச் சில நாள் முன்னர்தான் அவருடைய கிட்டாரும் திருடு போயிருந்தது. அந்தத் திருடனையாவது பொலிஸ் தேடலாம், உறையில் பெயரை விட்டவனை எங்கே போய்த் தேடுவது?

அதே காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸில் கரோல் கே என்று ஒரு பெண். ஆரம்பத்தில் கிட்டார் வாசித்தவர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிக்க வேண்டியவர் வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அதுவே அவர் தொழிலாகிவிட்டது. 1966இல் வந்த பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' தட்டில் பல பாட்டுகளுக்கு அவருடைய பேஸ். அந்த உறையில் குழுவினர் மிருகக்காட்சிச்சாலையில் ஆடுகளுக்குத் தீன் கொடுக்கும் படம் இருக்கிறது. ஆட்டுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கதையில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் அடுத்தது. சில மோடவுன் பாட்டுகளை லொஸ் ஏஞ்சலிஸில் தானே வாசித்ததாகக் கரோல் கே பின்னாளில் சொன்னார். இல்லை, அது ஜேமர்சனின் வாசிப்பு என்று அவர் பக்கத்து ஆட்கள் மறுத்தார்கள். ஊதியப் பத்திரங்களைக் கிளறினார்கள், ஒலிநாடாவைத் தனித்தனியாகக் கேட்டார்கள், பழைய ஆட்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். சண்டை பல வருடம் ஓடியது. அன்றைக்கு உறையின் மூலையில் ஒரு வரி அச்சடித்திருந்தால் முடிந்திருக்கும். பெயர் போடாமல் விட்டதால் ஒருவருடைய புகழ் மட்டும் போகவில்லை. பின்னால் வருகிறவன் உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியும் அடைபட்டது. உழைத்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் எதிரியாகவும் ஆக்கப்பட்டார்கள். பத்திரத்தில் இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதை இந்தப் பகுதி மக்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்திப் பட இசையில் கோவாக்காரர்கள் பலர் ஒழுங்கமைப்பாளர்களாகவும் வாசிப்பாளர்களாகவும் உழைத்தார்கள், திரையில் பெயர் வந்தது இசையமைப்பாளருக்கு. அவர்களில் ஒருவர் வயலின் கலைஞர் அந்தோணி கொன்சால்வெஸ். 1977இல் 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் அமிதாப் பச்சன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆடிய பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. அது தன் வாத்தியாருக்கு மாணவன் செய்த மரியாதை. இசையமைத்த லக்ஷ்மிகாந்த் பியாரேலால் இரட்டையரில் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர் அவர். பாட்டைப் பாடிய கோடிக்கணக்கான சனம் அதை ஒரு கற்பனைப் பெயர் என்றே நினைத்தது.

சென்னையில் 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா வந்தார். அவர் பாட்டுகளில் பேஸ் பின்னால் ஒளிந்து நிற்காது, தனியாக ஒரு கதை சொல்லும். 1979இல் 'பகலில் ஓர் இரவு' படத்துக்காக எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய அந்தப் பூங்காற்றுப் பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். பாடகரைச் சற்று மறந்து கீழ்ச்சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்ட் விஜி மானுவல், கிட்டார் சதானந்தம். இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஜேமர்சன் வாசித்ததில் பெரும்பகுதி அவர் தலையில் இருந்து வந்தது. இளையராஜாவோ ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தானே தாளில் சுரம் எழுதிக் கொடுப்பவர், பேஸுக்கும்தான். ஆகவே அந்தக் கீழ்ச்சுரத்தின் கற்பனை அவருடையது. அதை மறுக்கவில்லை. ஆனால் தாளில் எழுதியது தானாகச் சத்தம் போடாது. வீட்டுக்குப் படம் கீறிக் கொடுத்தவர் பெயர் பெரிதுதான், அதற்காக மேசனை மறக்க முடியுமா?

ஏ.ஆர். ரஹ்மான் இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர். தன் இசை வெளியீடுகளின் உறைகளில் பேஸ் கீத் பீட்டர்ஸ், புல்லாங்குழல் நவீன் குமார் என்று வாசித்தவர்களின் பெயர்களைப் போட்டார். அவருடைய தகப்பன் ஆர்.கே. சேகர் மலையாளப் பட இசையில் பலருக்காகப் பின்னணியில் உழைத்தவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவர் காலமாகிவிட்டார். பிறகு அந்த வீடு தகப்பன் வைத்துவிட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்தும் பிழைத்தது. பின்னணியில் நிற்பவனின் வீட்டு நிலைமை அந்தப் பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டிய ஒன்றல்ல.

இலங்கையில் நமக்கு ஒரு பெருமை இருந்தது. இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். பி.எச். அப்துல் ஹமீதின் குரலில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் ஒரு பாட்டைச் சொன்னால் நாலு பெயரையும் ஒப்பிப்பார்கள். ஆனால் அறிவிப்பாளரும் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் இருந்ததைத்தான் சொல்ல முடியும். ஐந்தாவது பெயருக்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

சிங்களப் பாட்டிலும் இதே கதைதான். சேலத்தில் பிறந்து 1931இல் இங்கே வந்த முஹிதீன் பேக்கின் குரல் வெசாக் காலத்தில் சீகிரியாச் சந்தியிலும் கேட்கும். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். பழைய கிராமபோன் காலத்தில் சிங்களத் தட்டுகளுக்கு இசையமைத்த கவுஸ் மாஸ்டரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவருக்கும் பின்னால் உட்கார்ந்து தபேலா அடித்தவர் யார்? தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் கிடைக்காது.

இவ்வளவும் எழுதுகிற நாங்கள் யோக்கியமா? இல்லை. சென்ற வருடப் பரிசளிப்பு விழாவில் எங்கள் பிள்ளைகள் கீதம் பாடினார்கள். நிகழ்ச்சி நிரலில் பாடிய ஏழு பேரின் பெயரும் இருந்தது. பின்னால் இருந்து கீபோர்டில் கீழ்ச்சுரம் பிடித்த பையனின் பெயர் இல்லை. தாளை அச்சுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். விழா முடிந்து அவன் உம்மா அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "சேர், மகன்ட பேர் எந்தப் பக்கத்துல இரிக்கி?" என்று கேட்டா. இடம் போதவில்லை என்று சொன்னோம். அவ ஒன்றும் சொல்லவில்லை, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தா. பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது.

இந்த வருட நிரலை இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பின்பக்கத்திலும் அச்சடிப்பதென்று முடிவாகியிருக்கிறது. மேடை கட்டுபவர், திரை இழுக்கும் பிள்ளை, மைக் பிடிப்பவர் வரை பெயர் வாங்கியாகிவிட்டது.

இன்னொரு உதவியும் வேண்டும். முன்னொரு காலம் இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் கந்தூரிகளிலும் றபான் அடித்தவர்கள், களிகம்பு அடித்தவர்கள், பைத் பாடியவர்கள் யார் யார்? உங்கள் வீட்டு மூத்தம்மா, அப்பாமாரிடம் கேட்டு, பெயரும் ஊரும் என்ன அடித்தார் என்பதும் கீழே எழுதுங்கள். வந்ததை எல்லாம் பாடசாலை நூலகத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறோம். முதல் பக்கத்தில் இதுவரை மூன்று பெயர்தான் இருக்கிறது.