வெளியூர்க் குடும்பமும் நகரத்து உணவு விடுதியும்

சென்னை எழும்பூர் ரயில் நிலையம் 1908-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நாளில் தெற்கேயிருந்து வந்து அங்கே இறங்கிய ஒரு குடும்பத்தைச் சற்று மனக்கண்ணால் காண்போம். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு கூஜா, பெரியதொரு தூக்குப் பாத்திரம். அந்தத் தூக்கில் மேலே மிளகாய்ப்பொடி தடவிய இட்டிலி. அடியில் வாழையிலையில் கட்டிய புளியோதரை. இட்டிலி முதல் நாளுக்கு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளியோதரை மறுநாளைக்கு. கோயில் பார்க்கவோ, கோர்ட்டு வழக்குக்காகவோ, வைத்தியத்திற்காகவோ வந்த அக்குடும்பம் நகரில் எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் பெரும்பாலும் அந்தத் தூக்குப் பாத்திரமே முடிவு செய்தது. மூன்றாம் நாள் காலையில் குழந்தை பசியால் அழுதால் எங்கே போவது? கையில் காசிருந்தும் இக்கேள்விக்கு எளிதில் விடை கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை, பின்னர் எப்படிக் கிடைத்தது என்பதே நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் உணவு விற்பது புதிய தொழிலன்று. பழைய மதுரையின் கடைத்தெருவில் தின்பண்டம் விற்றோரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. ஆயினும் வழிப்போக்கனுக்குச் சோறிடுவது அறம், அதற்கு விலை கேட்பது இழுக்கு என்னும் எண்ணம் நெடுங்காலம் நம்மிடையே வேரூன்றியிருந்தது. ஆகவே வெளியூருக்குச் செல்வோர் உறவினர் வீட்டை நாடினர். உறவினர் இல்லாதவர் சத்திரத்தை நாடினர். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சர் சவலை இராமசாமி முதலியார் 1880-களில் கட்டுவித்த சத்திரம் இவ்வகையில் பலருக்குத் துணை நின்றது. சத்திரத்தில் இடம் கிடைக்கும், கிணறு கிடைக்கும், அடுப்பும் கிடைக்கும். அரிசியும் விறகும் வாங்கிச் சமைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. ஊர் பார்க்க வந்த பெண்மணி, சத்திரத்து அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டே தன் விடுமுறையைக் கழித்தாள் என்றால் அது மிகையாகாது. சோறிட்ட சத்திரங்களிலும் பல இன்ன சாதியார்க்கே என்று வரையறுக்கப்பட்டிருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையில் காபி ஹோட்டல்கள் பெருகின. அவற்றைக் ‘கிளப்’ என்றும் வழங்கினர். லண்டன் நகரில் கிளப் என்பது செல்வர் சிலர் மட்டுமே உறுப்பினராகக் கூடும் மாளிகை. நம் ஊரிலோ சில்லறை கொடுத்து இட்டிலி தின்னும் கடை. ‘ஹோட்டல்’ என்னும் சொல்லும் அவ்வாறே தங்குமிடம் என்ற பொருளை விட்டு, உண்ணுமிடம் என்ற பொருளை நம்மிடையே பெற்றது. சொல்லைக் கடன் வாங்கினாலும் பொருளை நாமே வைத்துக்கொள்வது நம் வழக்கம் போலும்!

இந்தக் கிளப்புகள் யாருக்காக எழுந்தன? ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு வந்த குமாஸ்தாக்கள், கல்லூரி மாணவர்கள், வழக்குக்காக வந்து காத்துக் கிடந்தோர் ஆகிய ஆடவர்க்காகவே எழுந்தன. பெஞ்சியில் நெருங்கி அமர்ந்து, அவசரமாய் உண்டு, கை கழுவிச் செல்லும் இடம் அது. அங்கே நுழைந்து, அந்நியர் நடுவே இலையின் முன் அமர ஒரு குடும்பப் பெண் துணியமாட்டாள். துணிந்தாலும் உடன் வந்தோர் இசையமாட்டார். பாத்திரம் கொண்டுபோய் வாங்கி வரும் எடுப்புச் சாப்பாடு ஒன்றே அவளுக்குக் கிடைத்த வழி.

கூச்சத்தினும் கொடிய தடை ஒன்று இருந்தது. பல விடுதிகளின் வாயிலில் ‘பிராமணாள்’ என்னும் சொல் பலகையில் எழுதப்பட்டிருந்தது. சமைப்பவர் பிராமணர் என்பதை அறிவிக்கும் பலகையே அது என்று சிலர் விளக்கம் கூறினர். ஆனால் உள்ளே உண்பவர்களுக்கும் இடம் வேறுவேறாகப் பிரிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தவர்கள் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. பிராமணர்க்கு உள்ளறை, மற்றவர்க்கு முன்கூடம் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கோ அந்த முன்கூடமும் கிட்டவில்லை. ஒரே ரயிலில், ஒரே வகுப்பில், ஒரே விலைச் சீட்டோடு பயணம் செய்தவர்கள் நிலையத்து உணவுச்சாலை வாயிலில் பிரிய நேர்ந்தது. ரயில் நிலையங்களில் இருந்த இந்தப் பாகுபாடு, பெரியார் ஈ.வெ.ரா. முதலியோரின் கிளர்ச்சிக்குப் பின் 1941-இல் நீக்கப்பட்டது.

இத்தகைய தயக்கங்கள் வேறு வடிவில் மேல்நாட்டிலும் இருந்தன. பாரிஸ் நகரில் 1850-களில் துய்வால் என்னும் இறைச்சி வணிகர் ‘புய்யோன்’ எனப்படும் எளிய உணவுச்சாலையை ஏற்படுத்தினார். அங்கே வருவோர் கையில் அச்சிட்ட அட்டை ஒன்று கொடுக்கப்படும். உண்ட பொருள் ஒவ்வொன்றும் அதில் குறிக்கப்படும். வெளியேறும்போது கணக்கில் ஐயம் எழாது. பரிமாறியவர்கள் சீருடை அணிந்த பெண்கள். ஆகவே பெண்கள் தயங்காது அங்கே செல்லலாம் என்று பயண வழிகாட்டி நூல்கள் எழுதின. லண்டனில் 1894-இல் லயன்ஸ் நிறுவனம் தன் முதல் தேநீர்ச் சாலையைத் திறந்தது. அதன் கிளைகள் நகரெங்கும் பரவியபோது, கடைவீதிக்கு வந்த பெண் துணையின்றி அமர்ந்து உண்ண ஓர் இடம் கிடைத்தது. இவ்விரு சாலைகளும் அரண்மனை விருந்து படைக்கவில்லை. என்ன விலை, யார் வரலாம் என்னும் இரண்டையும் ஐயமறத் தெரிவித்தன. அதுவே அவற்றின் வெற்றிக்குப் போதுமானதாயிற்று.

சென்னையில் அத்தகைய தெளிவுக்கு வழி வகுத்தவருள் உடுப்பியிலிருந்து வந்தவர்களுக்குச் சிறப்பிடம் உண்டு. உடுப்பி, கிருஷ்ணன் கோயிலாலும் அதைச் சார்ந்த மடங்களாலும் புகழ்பெற்ற ஊர். நூற்றுக்கணக்கானோர்க்கு ஒரே வேளையில் சமைத்துப் பந்தி பரிமாறும் பழக்கம் அவ்வட்டாரச் சமையற்காரர்க்கு வழிவழி வந்தது. அவ்வட்டாரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மாவரைக்கும் வேலை முதல் அடுக்களை வேலைகள் பலவும் செய்த கே. கிருஷ்ணராவ் என்பவர் 1920-களில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். மவுண்ட் ரோட்டில் அவர் நடத்திய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் பெயர் பெற்றது. பின்னர் 1938-இல் இராயப்பேட்டையில் ‘உட்லண்ட்ஸ்’ என்ற பெயருடைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, தங்கும் அறைகளோடு கூடிய உணவு விடுதியாக்கினார். மாளிகையின் பெயரே விடுதியின் பெயராக நிலைத்தது. குடும்பத்தோடு வருபவர் அங்கேயே அறையெடுத்துத் தங்கலாம்; குளித்து உடுத்து அதே வளாகத்தில் சைவ உணவு உண்ணலாம். சத்திரத்து அடுப்பிலிருந்து அந்தப் பெண்மணிக்கு விடுதலை கிடைத்தது.

இத்தகைய உணவு ஏன் மலிவாகக் கிடைத்தது என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். அடுக்களையின் கணக்கு அழகானது. அரிசியும் உளுந்தும் அரைத்த ஒரே மாவு, காலையில் இட்டிலியாகிறது, மாலையில் தோசையாகிறது, மேலும் புளித்தால் ஊத்தப்பமாகிறது. பிற அடுக்களைகளில் நேற்றைய மீதி நட்டம். இங்கே நேற்றைய மாவே இன்றைய முதல். ஒரே அண்டாச் சாம்பார் இட்டிலிக்கும் வடைக்கும் சோற்றுக்கும் உதவுகிறது. வாழையிலை உண்கலமாவதால் தட்டு வாங்கும் செலவும் துலக்கும் கூலியும் குறைகின்றன. இட்டிலித் தட்டு ஒருமுறை அடுப்பேறினால் பலர் பசி ஒன்றாகத் தீர்கிறது. உண்டவர் விரைந்து எழுவதால் ஒரே நாற்காலி ஒரு காலையில் பலருக்குப் பயன்படுகிறது. ஆகவே ஒவ்வொருவரிடமும் பெறும் ஆதாயம் சிறிதாயினும் கல்லாப்பெட்டி நிரம்புகிறது. குழந்தைகளோடு வருபவர்க்கு இதில் தனி நன்மை. ஒரு தோசையை இருவர்க்குப் பங்கிடலாம். காரம் ஆகாத குழந்தைக்குச் சர்க்கரை தொட்டுக் கொடுக்கலாம்.

முழுச் சாப்பாட்டின் கணக்கு வேறு. வேண்டுமளவு உண்ணலாம் என்ற முறையில் பெருந்தீனிக்காரரும் சிறு வயிறு உடையவரும் ஒரே விலை கொடுக்கின்றனர். தாயின் இலையிலேயே உண்ணும் குழந்தைக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டுமா என்பது பல விடுதிகளில் எழுந்த பெரிய தர்க்கம்! இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து அரிசி வருவது நின்றது. ரேஷன் முறை வந்தது. வேண்டுமளவு சோறு என்னும் பேச்சுக்கு அக்காலத்தில் இடமேது? இராஜாஜி முதலமைச்சராயிருந்த 1952-இல் உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. எனினும் சோற்றை அளந்து இட்டு, விலையைக் குறைத்துக் கொடுக்கும் அளவுச் சாப்பாடு விடுதிகளில் ஒரு வழக்கமாகவே இடம்பெற்றது. சிக்கனமாகச் செலவிடும் குடும்பத்தார்க்கு அது நன்மையே செய்தது.

பெண்களின் தயக்கத்திற்கு விடுதிக்காரர் கண்ட மருந்து ‘குடும்ப அறை’. திரையோ அரைக் கதவோ இட்ட சிறு அறை. உள்ளே ஒரு மேசை, சில நாற்காலிகள். அது பெண்களை மறைத்து வைத்ததேயன்றி விடுவிக்கவில்லை என்று இன்று ஒருவர் குறை கூறலாம். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் அந்த அரைக் கதவு இல்லாதிருந்தால் ஒரு தலைமுறைப் பெண்கள் விடுதியின் படியே ஏறியிருக்கமாட்டார்கள் என்பது என் கருத்து. முதலில் திரைக்குள் அமர்ந்தவர்களின் பெண்மக்கள் பின்னாளில் கூடத்தின் நடுவே அமர்ந்தார்கள்.

சாதித் தடை அவ்வளவு மென்மையாக விலகவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைவதற்கு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றால் தடை கூடாது என்று தன் 15-ஆம் பிரிவில் விதித்தது. சட்டம் வந்த பின்னும் பெயர்ப்பலகைகள் மறையவில்லை. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிக்கப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் சென்றனர், நாள்தோறும் கைதாயினர். மாதக் கணக்கில் நீடித்த அக்கிளர்ச்சியின் முடிவில் பலகையின் பெயர் மாறிற்று. ஒரு சொல்லுக்காக இத்துணைப் போராட்டமா என்று வினவியவர்களும் உண்டு. பசித்த குழந்தையைக் கையிற் பிடித்துக்கொண்டு அப்பலகையின் முன் நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பிய தந்தையை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

புலால் உண்ணும் குடும்பங்களுக்கும் மெல்ல இடம் அமைந்தது. மவுண்ட் ரோட்டில் 1951-இல் புகாரி ஹோட்டல் தொடங்கியது. மதுரை வட்டாரத்து வடக்கம்பட்டியைச் சார்ந்தவர்கள் தம் ஊர்த் தெய்வத்தின் பெயரால் நடத்திய முனியாண்டி விலாஸ்களுள் முதலாவது 1935-இல் காரியாபட்டியில் தோன்றியது. அப்பெயர் பிறகு தமிழகமெங்கும் பரவிற்று.

கிருஷ்ணராவ் 1962-இல் கதீட்ரல் சாலையில் தொடங்கிய ‘டிரைவ்-இன்’ உட்லண்ட்ஸைக் கூறாமல் விடலாகாது. மரங்கள் அடர்ந்த தோட்டத்தில் காரை நிறுத்தி அதிலிருந்தபடியே உண்ணலாம் என்பது அதன் புதுமை. காரில்லாதவர் உள்ளே மேசையில் அமர்ந்தனர். ஒரே குவளைக் காப்பியோடு நெடுநேரம் உட்கார்ந்தவரையும் எவரும் எழுப்பவில்லை. அந்த இடம் தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பிலிருந்த அரசு நிலம். 2008-இல் விடுதி மூடப்பட்டது. 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. மரங்கள் பல அப்படியே நிற்கின்றன.

அரசே உணவு விற்கும் காலமும் வந்தது. சென்னை மாநகராட்சி 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அம்மா உணவகங்களைத் திறந்தது. தொடங்கிய காலத்தில் இட்டிலி ஒன்று 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினர். விலை சுவரிலே எழுதியிருக்கிறது. வாயிலில் யாரும் யாரையும் யாரென்று கேட்பதில்லை. அரசு மருத்துவமனைகளிலும் இவை அமைந்ததால், நோயாளிக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குவோர்க்கு இவை பேருதவி ஆயின. இவற்றுள் பலவற்றில் நாற்காலிகள் இல்லை; நின்றபடி உண்பதற்கேற்ற உயர்ந்த மேசைகளே உண்டு. அம்மேசை குழந்தைகளுக்கு எட்டுவதில்லை. ஆகவே தாய்மார் தட்டைக் கையில் ஏந்தி, சுவரோரமாகக் குழந்தையை நிறுத்தி, ஊட்டிவிடுகிறார்கள்.