விளையாட்டும் வீண்பொழுதும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றின் தந்தை எனப் போற்றப்படும் கிரேக்க அறிஞர் ஹெரொடோட்டஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் இயற்றிய தமது நூலின் முதற்பகுதியிலே, லிடியா நாட்டவரைப் பற்றிய செய்தியொன்றைக் கூறுகின்றார். அந்நாட்டிலே கொடும்பஞ்சம் தோன்றியபோது மக்கள் தாயம், பந்து முதலிய விளையாட்டுக்களைக் கண்டுபிடித்தனராம். ஒருநாள் முழுவதும் உண்ணாது விளையாடினர். மறுநாள் விளையாடாது உண்டனர். இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. இஃது உண்மை வரலாறோ, வழிவழி வந்த கதையோ என்பது ஈண்டு வேண்டப்படுவதன்று. விளையாட்டால் மனிதன் பெறுவது யாது, இழப்பது யாது என்னும் வினா மிகப் பழையது என்பதற்கு இது சான்றாகும்.

இக்காலத்தில் அவ்வினா வீடியோ விளையாட்டுக்களின்மேற் சென்றுள்ளது. கைத்தொலைபேசியையும் கணினித் திரையையும் விட்டகலாத பிள்ளையைக் கண்டு, பொழுதெல்லாம் வீணாகின்றதே என்று பெற்றோர் இரங்குகின்றனர். பிள்ளையோ, இதனால் வரும் கேடு என்னவென்று வினவுகின்றான். இவ்விருவருள் யாருடைய கூற்று ஏற்புடைத்து என்பதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டை நம் முன்னோர் வெறுத்தாரல்லர். இறைவனின் செயல்களையே திருவிளையாடல் என வழங்கியது நம் சமயம். எல்லோராக் குடைவரைகளிலே சிவபெருமானும் உமையம்மையாரும் தாயமாடும் காட்சி கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. ஆயினும், தருமன் நாடிழந்ததும் நளன் காடு புகுந்ததும் கவறாடியமையாலேயே. வள்ளுவரும் சூதினைக் கடிதற்கெனத் தனி அதிகாரம் ஒன்று வகுத்தார். அவர் கடிந்தது பொருளை வைத்தாடும் சூதையேயன்றி விளையாட்டு அனைத்தையுமன்று. இவ்வேறுபாட்டை எல்லாரும் உணர்ந்திலர். இந்தியாவிலே தோன்றி, பாரசீகரும் அராபியரும் வழியாக ஐரோப்பாவை அடைந்த சதுரங்கம், அறிவுக்குரிய ஆட்டமென இன்று பள்ளிகளிலே பயிற்றப்படுகின்றது. பிரான்சிய மன்னன் ஒன்பதாம் லூயியோ, 1254 ஆம் ஆண்டிலே தன் அலுவலர்க்குப் பிறப்பித்த கட்டளையில், கவறாட்டத்தோடு சதுரங்கத்தையும் ஒருங்கே விலக்கினான்.

நிற்க, வீடியோ விளையாட்டின் பிறப்பை நோக்குவோம். அது சோம்பேறிகளின் கூடத்திலே பிறந்ததன்று. 1958 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நியூயோர்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தைப் பார்வையிட வந்த பொதுமக்களை மகிழ்விக்கும்பொருட்டு, வில்லியம் ஹிகின்போதம் என்னும் பௌதிகவியலாளர் அலைவுகாட்டியொன்றின் சிறு திரையிலே இருவர் ஆடும் ரென்னிஸ் ஆட்டமொன்றை அமைத்தார். இவர் முதல் அணுகுண்டை ஆக்கிய திட்டத்திலே பணிபுரிந்து, பின்னர் அணுவாயுதப் பரவலைத் தடுக்க உழைத்தவர். 1962 இல் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்ரீவ் ரசலும் நண்பரும் விண்வெளிப் போர் விளையாட்டொன்றை உருவாக்கினர். 1969 இல் பெல் ஆய்வுகூடத்துக் கென் தொம்சன், தாம் எழுதிய விண்வெளிப் பயண விளையாட்டைப் பயன்பாடற்றுக் கிடந்த சிறு கணினியொன்றில் இயக்க முயன்றார். அம்முயற்சி யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமை தோன்றுதற்கு வழிகோலிற்று. இன்றைய கணினியுலகின் பெரும்பகுதி அதன் வழிவந்ததே.

1972 இல் வெளிவந்த பொங் என்னும் ஆட்டத்தோடு வணிகம் இத்துறையிற் கால்கொண்டது. நாணயம் இட்டால் இயங்கும் பொறிகள் கடைகளிலும் கூடங்களிலும் நிறைந்தன. 1978 இல் யப்பானிலே தோன்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் ஆட்டம் உலகெங்கும் பரவியது. பரவவே அச்சமும் பரவியது. 1981 இல் பிலிப்பைன்ஸ் சனாதிபதி மார்க்கோஸ் இப்பொறிகளைத் தம் நாட்டிலே தடைசெய்தார். 2002 இல் கிரேக்க நாடு, களவாக நடைபெற்ற சூதாட்டத்தை ஒழிக்கக் கருதி, பொது இடங்களில் மின்னணு விளையாட்டு அனைத்தையும் விலக்கும் சட்டத்தை இயற்றியது. சூதையும் விளையாட்டையும் வேறுபிரித்தறியாத அச்சட்டம் ஐரோப்பியச் சமூகத்தின் சட்டத்துக்கு முரணானதென 2006 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பதாம் லூயியின் பிழை எழுநூற்றாண்டின் பின்னும் மீண்டும் நிகழ்ந்ததெனலாம்.

நேரத்தை அளந்து கொடுக்க முயன்ற அரசுகளும் உள. தென்கொரியா 2011 இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு தொடக்கம் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டுக்களை ஆடலாகாதெனச் சட்டம் செய்தது. கணினியை நோக்கி எழுந்த அச்சட்டம், பிள்ளைகள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது வலுவிழந்தது. 2022 ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நீக்கப்பட்டது. சீன அரசு 2021 இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய தினங்களிலும் விடுமுறை நாட்களிலும் இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணிவரை மாத்திரமே இணைய விளையாட்டுக்களை ஆடலாமென விதித்தது. அளவு வேண்டும் என்பதை இவ்விரு நாடுகளும் உணர்ந்தன. ஆயினும், புறத்தே நின்று இடும் அளவு எத்துணைக் காலம் நிற்கும் என்பதற்குக் கொரியாவின் அனுபவமே விடையாகும்.

விளையாட்டால் விளைந்த நன்மைகளையும் மறைத்தலாகாது. வோஷிங்ரன் பல்கலைக்கழகத்தினர் 2008 இல் வெளியிட்ட போல்டிற் என்னும் ஆட்டத்திலே, புரதங்களின் வடிவத்தைக் கண்டறிதலே ஆடுவோரின் வேலை. குரங்குகளைத் தாக்கும் வைரசு ஒன்றின் நொதியத்தின் அமைப்பு, பத்தாண்டுக்கு மேலாக ஆய்வாளர்க்குப் பிடிபடாதிருந்தது. 2011 இல் இவ்வாட்டக்காரர் தந்த மாதிரியைக்கொண்டு, மூன்று வாரங்களுள் அது தெளிவாயிற்று. இளமையிலே சதுரங்க வல்லுநராயும், பதினேழு வயதளவிலே வீடியோ விளையாட்டு ஆக்குநராயும் விளங்கிய டெமிஸ் ஹசாபிஸ், புரத அமைப்பை முன்னறியும் முறைக்காக 2024 ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

எனினும், இவற்றைக் காட்டி, ஆடுதல் யாவும் பயனுடைத்தே என வாதிடுதல் பொருந்தாது. ஹசாபிஸ் ஆடியதோடு அமையாது ஆக்கவும் செய்தார்; போல்டிற் ஆடினோர்க்கு முன்னே ஆய்வாளர் வகுத்த வினாவொன்று இருந்தது. ஒருவருக்குக் கிடைத்த பரிசு, இரவு முழுதும் துயிலாது ஆடும் இன்னொருவரின் பொழுதுக்கு ஈடாகாது.

அன்றியும், பழைய ஆட்டத்துக்கு முடிவு உண்டு. சதுரங்கத்தில் அரசன் வீழ்ந்தால் ஆட்டம் முடியும். இன்றைய ஆட்டங்கள் பலவற்றுக்கு முடிவில்லை. உள்ளே யாதிருக்கின்றதென அறியாது பணங்கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளும் அவற்றுட் சிலவற்றிலே வைக்கப்பட்டுள்ளன. இவற்றை ஆராய்ந்த பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, இவை சூதேயென 2018 இல் முடிவு செய்தது. அரசு சூதென்று மயங்கிய விளையாட்டு ஒருபுறமாக, விளையாட்டின் வேடம் புனைந்த சூது மறுபுறம் நிற்கின்றது. உலக சுகாதார நிறுவனமும் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டிலே விளையாட்டுக் கோளாறு என்பதைச் சேர்த்தது. ஆடும் மணித்தியாலங்களை மட்டும் அது அளவுகோலாகக் கொண்டதன்று. தன்னை அடக்கும் ஆற்றலை இழத்தல், ஏனைய கடமைகளினும் ஆட்டத்துக்கே முதலிடம் தருதல், கேடு விளைந்த பின்னும் விடாது தொடர்தல் ஆகிய மூன்றுமே அது கூறும் இலக்கணம். தருமனின் கதையறிந்தார்க்கு இம்மூன்றும் புதியனவல்ல.

ஆகவே, வீடியோ விளையாட்டு வீண்பொழுதா என்னும் வினாவுக்கு ஆம், அன்று என ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. ஆட்டத்தைத் தொடங்கியவன் அதனைத் தானே நிறுத்த வல்லனாயின், உழைத்த உள்ளத்துக்கு அஃது ஓய்வாகும். உடன் ஆடுவார் உளராயின் நட்புமாகும். நிறுத்த இயலாதவனிடத்து, ஆடுபவன் அவனோ, அவனை வைத்து ஆடுவோர் பிறரோ என ஐயுறுதல் வேண்டும்.

லிடியர் கதையின் முடிவை இன்னும் கூறிற்றிலேம். பதினெட்டு ஆண்டுகள் ஆடிய பின்னும் பஞ்சம் நீங்கவில்லை. ஈற்றில் மன்னன் மக்களை இரு கூறாக்கிச் சீட்டிட, ஒரு கூற்றார் நாடு துறந்து கடல் கடந்து சென்றனர். விளையாட்டு அவர்களின் பசியை மறக்கச் செய்தது, போக்கவில்லை. திரையின்முன் நெடும்பொழுது கழிக்கும் பிள்ளையைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும், எத்தனை மணித்தியாலம் ஆடினாய் எனக் கடிவதற்கு முன், எப்பசியை மறக்க ஆடுகின்றான் என எண்ணுதல் நன்று. தனிமையோ, தேர்வு பற்றிய அச்சமோ, வீட்டிலே பேசுவாரின்மையோ அதுவாக இருத்தல் கூடும். அதனைத் தீர்க்காது கருவியைப் பறித்தலால் மட்டும் பயன் விளையாது. மாணவரும் அதே வினாவைத் தம்மை நோக்கித் தாமே எழுப்புவாராயின், அளவு என்பது பிறர் இடும் கட்டளையாகாது, தம் அறிவு காட்டும் வழியாகும்.