ஆலை சந்தையைத் தேடி வருகிறது: திண்டிவனத்தில் நடப்பது என்ன?

பொருள் விற்கும் நாட்டுக்குப் பக்கத்திலேயே ஆலையை வைத்துக்கொள்வதை வணிக உலகம் ‘நியர்ஷோரிங்’ என்கிறது. சரக்கு கடக்கும் தூரத்தையும், அதற்கு ஆகும் நாட்களையும், வழியில் நேரும் தடங்கல்களையும் குறைப்பதே இதன் நோக்கம். பெயர்தான் புதிது. இதே கணக்கு உள்நாட்டிலும் நடக்கிறது, நம் விழுப்புரம் மாவட்டத்திலும் நடக்கிறது.

2024 ஆகஸ்டில் டாபர் நிறுவனம் திண்டிவனம் சிப்காட்டில் ஆலை அமைக்கத் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. ஐந்து ஆண்டுகளில் 400 கோடி ரூபாய் முதலீடு, அதில் முதற்கட்டமாக 135 கோடி, சுமார் 250 பேருக்கு நேரடி வேலை என்று அறிவிக்கப்பட்டது. 1884இல் கொல்கத்தாவில் தொடங்கிய அந்நிறுவனத்துக்குத் தென்னிந்தியாவில் இதுதான் முதல் ஆலை. பற்பசையையும் பழச்சாறையும் வடக்கிலிருந்து லாரியில் ஏற்றி வருவதைவிட இங்கேயே தயாரித்தால் வாடகையும் மிச்சம், நாளும் மிச்சம். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிவது திண்டிவனத்தில்தான். ரயிலுக்கு விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்திலேயே இருக்கிறது.

வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தால் கதை நமக்குச் சாதகமாக இல்லை. 2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் சிக்கியதால் சூயஸ் கால்வாய் ஆறு நாட்கள் அடைபட்டது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும், ஐரோப்பா செல்லும் சரக்குகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. கூடுதலாகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தோல், காலணித் தொழிலில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருள் தெரியும். பருவத்துக்கான செருப்பு பருவம் கழிந்து போய்ச் சேர்ந்தால் யார் வாங்குவார்கள்? ஸ்பெயினின் ஜாரா நிறுவனம் மொராக்கோ, போர்ச்சுகல், துருக்கியில் துணி தைத்து வாங்குவது இதனால்தான். அமெரிக்காவுக்கு அதிகப் பொருள் அனுப்பும் நாடுகளில் 2023இல் மெக்சிகோ சீனாவை முந்தியதற்கும் பக்கத்தில் இருப்பது ஒரு காரணம்.

அப்படியானால் தூரத்து ஆலைகளெல்லாம் மூடப்படுமா? இல்லை. திண்டிவனத்துக்கு அருகிலேயே செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கி ஷூக்களைத் தயாரிக்கிறது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள்தான் அங்கே பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். ஷூ தைக்க நிறைய கைகள் வேண்டும். ஆகவே அங்கே கூலிதான் இடத்தை முடிவு செய்கிறது, கப்பல் வாடகை பிறகுதான். பற்பசையும் பழச்சாறும் இயந்திரத்தில் தயாராகும், எடை அதிகம், விலை குறைவு. அதற்கு லாரி வாடகைதான் பெரிய கணக்கு.

இந்த வேறுபாட்டைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளையை வளைகுடாவுக்கு அனுப்புவதா, இங்கேயே வேலை தேடச் சொல்வதா என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயாதது. 400 கோடிக்கு 250 வேலை என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. இயந்திர ஆலை கேட்பது ஃபிட்டர், எலக்ட்ரீசியன், உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களை. ஐ.டி.ஐ.யை மட்டமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நமக்கே நஷ்டம்.

நிலம் கொடுப்பவர்களின் கணக்கு வேறு. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் மேல்மா பகுதி விவசாயிகள் போராடினார்கள். அவர்களில் சிலர் மீது குண்டர் சட்டமே பாய்ந்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆலை சந்தைக்குப் பக்கத்தில் வரும்போது யாரோ ஒருவருடைய வயலுக்கும் பக்கத்தில்தான் வருகிறது.

வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டியது, நியமனம் கம்பெனியின் பெயரிலா, ஒப்பந்தக்காரர் பெயரிலா என்பது. அடுத்து, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் எந்த மாதத்திலிருந்து கிடைக்கும் என்பது.