நிர்ப்பீடனக் கல்வியும் கண்டி மண்ணும்

வைசூரி கண்டு பிழைத்தவரை அந்நோய் மறுமுறை தீண்டாது என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அஃது ஏன் என ஆராயும் விஞ்ஞானமே நிர்ப்பீடனவியல். தமிழ்நாட்டார் இதனை நோயெதிர்ப்பியல் என்பர். உடலானது தனக்குரியதையும் அந்நியமானதையும் பகுத்துணர்ந்து, புகுந்த பகையை எதிர்த்து, அதனை நினைவிலும் இருத்திக்கொள்கின்றது. இதனை முதுமாணி நிலையிற் கற்பது மேனாட்டாருக்கே உரிய காரியம் என நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு நம் கண்டிப் பகுதியின் வரலாறே சான்று.

1796-இல் எட்வேட் ஜென்னர் இங்கிலாந்திற் கண்ட அம்மைப்பால், பக்தாத், பம்பாய் வழியாக 1802-இல் இலங்கையை அடைந்தது. அதன்பின் சில பத்தாண்டுகளில், கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் மக்கள் மன்னார், தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே கண்டிச் சீமைக்கு ஏறினர். வாந்திபேதியும் வைசூரியும் அவர்களுட் பலரை வழியிலேயே மாய்த்தன. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை ஏற்பட்ட பின்னர், தோட்டங்களுக்கு வருவோரை மண்டபம் முகாமிற் சில நாள் தங்கவைத்து, சோதித்து, அம்மை குத்தியே அனுப்பினர். அத்தழும்போடு வந்தவர்களே நம் பாட்டன் பாட்டியர். ஊசி அவர்களுக்குக் கிடைத்தது; அதன் பின்னே நின்ற கல்வி கிடைக்கவில்லை.

அக்கல்வியின் அருமையை 1934-35-ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயும் உணர்த்திற்று. மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கவே, நுளம்பு பெருகிற்று. ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல், கண்டிப் பக்கங்களில் அழிவு மிகுந்தது. மலேரியா என்றும் குடிகொண்டிருந்த வறண்ட வலயத்திலோ அத்துணை அழிவில்லை. அங்குள்ளோர் அடிக்கடி நோயுற்று ஓரளவு நிர்ப்பீடனம் பெற்றிருந்தனர். இங்குள்ளோர் அதனைப் பெற்றிலர்.

இன்று அக்கல்வி நம் வாசலுக்கே வந்துள்ளது. 1942-இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952-இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கே 1962-இல் மருத்துவ பீடமும், 1996-இல் விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவகமும் எழுந்தன. நுண்ணுயிரியற் பேராசிரியராக விளங்கிய எஸ். என். அர்செகுலரத்ன, மூக்கினுள்ளே தசை வளரச் செய்யும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோயில் உடல் எவ்வாறு எதிர்க்கின்றது என்பதைப் பேராதனையிலிருந்தே ஆராய்ந்தார். பிறர் கண்டதை ஒப்புவிப்பதோடு அமையாது, நம் நாட்டு நோயை நாமே வினவலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

முதுமாணி மாணவன் கற்பது யாது? பிறபொருளெதிரிகள் எவ்வாறு உண்டாகின்றன, இரத்தத்தில் அவற்றை எங்ஙனம் அளப்பது, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏன் தள்ளுகின்றது, காவற்படையே வீட்டைத் தாக்குவதுபோல் உடல் தன்னையே தாக்கும் நோய்கள் எப்படி வருகின்றன என்பன. இவ்விறுதி வினாவுக்கு விடை தேடிய மூவருக்கே 2025-இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

வைசூரி ஒழிந்ததென 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் சாற்றியது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016-இற் சான்று பெற்றது. ஆயினும் டெங்கு நம்மை விட்டபாடில்லை. அதில் நான்கு வகை வைரசுகள் உள. ஒருவகைக்கு உண்டான பிறபொருளெதிரி, பின்னர் வேறுவகை தொற்றும்போது சிலவேளை காவாது, நோயையே கடுமையாக்கும். தடுப்பூசி ஆக்குவோரை மலைக்க வைக்கும் இச்சிக்கல் நிர்ப்பீடனவியலார்க்கு உரியது.

ஆகவே, பட்டம் ஒன்று பெற்றவுடன் உத்தியோகத்தை மட்டும் நோக்காது, மேற்படிப்பையும் நம் இளைஞர் நாடவேண்டும். ஆங்கிலம் தடையெனத் தயங்கவேண்டா. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களும் பெயர்த்தார்; தமிழிற் பொருளுணர்ந்தவன் ஆங்கிலத்திற் கற்பது அரிதன்று. பெரியோர்களே! மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் அந்த இரண்டாண்டுச் செலவைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தழும்பை ஏற்ற குலம், அத்தழும்பின் காரணத்தை ஆராயும் குலமாகவும் விளங்கட்டும்.