கொள்ளைநோயும் நிலமானியத்தின் தளர்வும்

மத்திய காலத்தின் முடிவை, கொன்ஸ்தாந்திநோபிள் வீழ்ந்த 1453ஆம் ஆண்டோடு இணைப்பது பாடநூல் மரபு. ஆயின் உழவரின் வாழ்வை நோக்குவோர்க்கு, 1347இல் மெசினாத் துறைமுகத்தில் இறங்கிய கொள்ளைநோயே பெருந் திருப்பமாகத் தோன்றும். சில ஆண்டுகளுள் ஐரோப்பிய மக்களில் மூன்றிலொரு பங்கினரேனும் மாண்டனர். எஞ்சியோரின் உழைப்பு விலையேறிற்று. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1351இற் சட்டமியற்றி, கூலியை நோய்க்கு முந்திய அளவிலேயே நிறுத்த முயன்றது. உழைப்போர் அடங்கினரல்லர். 1381இல் தலைவரி மூட்டிய கிளர்ச்சியில் அவர்கள் இலண்டனுக்குள்ளேயே புகுந்து, பண்ணையடிமை நீக்கத்தை மன்னன் இரண்டாம் றிச்சார்ட்டிடம் நேரிற் கேட்டனர். இசைந்த மன்னன் பின்னர் வாக்கை மீறினான், கிளர்ச்சியும் நசுக்கப்பட்டது. எனினும் அடுத்த நூற்றாண்டில் அம்முறை அங்குப் பெரும்பாலும் தேய்ந்தொழிந்தது.

நோயொன்றே விடுதலை தந்ததென்பது அவசர முடிபாகும். ஆட்குறைவு எல்பே நதிக்குக் கிழக்கேயும் நேர்ந்தது. அங்கோ குடியானவர் பிற்காலத்தில் முன்னிலும் இறுக்கமாக நிலத்தோடு பிணைக்கப்பட்டனர். பிரஷ்யாவில் அக்கட்டை நீக்கும் ஆணை 1807இலேதான் பிறந்தது.